அஞ்சு ஷில்லிங்கும் அப்பத்தாவின் சுருக்குப்பையும்

வயசானவங்களைப் பார்த்துக்கறது பத்தி நம்மாளுங்க நாலு பேர் பேச ஆரம்பிச்சா அஞ்சாவது நிமிஷத்துல ஒரு வசனம் வந்துடும். "வெள்ளைக்காரனுக்கு ஏதுப்பா பாசம், வயசாயிட்டா அப்பன் ஆத்தாளைக் கவர்மெண்ட் கிட்ட தள்ளிடுவான். நமக்கெல்லாம் இதைச் சட்டம் போட்டா சொல்லித் தரணும்?" எங்க ஆபீஸ் கேண்டீன்ல இது வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடும். கேட்டுக்கிட்டே சாம்பார் சாதத்தை முடிக்கப் பழகிட்டேன்.

வேடிக்கை என்னன்னா, பெத்தவங்களைப் பிள்ளைங்க காப்பாத்தணும்னு சட்டமே போட்டு, காப்பாத்தாதவனை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தின ஊர் இங்கிலாந்து. 1601ல போட்ட சட்டம். 1948 வரைக்கும், அதாவது 347 வருஷம், ஏதோ ஒரு வடிவத்துல அந்தக் கடமை அங்கே சட்டப் புத்தகத்துல இருந்தது. அவங்க அதைத் தூக்கிப் போட்டு எட்டே வருஷத்துல, 1956ல, நாம அதே மாதிரி ஒண்ணை எழுதிக்கிட்டோம். அவங்க ஏன் விட்டாங்க, நாம ஏன் பிடிச்சோம்னு தோண்டப்போய்த்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

1601ங்கறது முதலாம் எலிசபெத் மகாராணியோட கடைசி வருஷங்கள். ஏழைகளைக் காப்பாத்தற பொறுப்பை ஒவ்வொரு ஊர்ச் சபையும் வரி வசூலிச்சு ஏத்துக்கணும்னு ஒரு சட்டம் வந்தது. வரி கட்டறவன் சும்மா இருப்பானா? "அந்தக் கிழவனுக்கு மகன் இருக்கான்ல, அவன் குடுக்கட்டும்"னு சொல்லுவான். அதுக்காகவே அந்தச் சட்டத்துல ஒரு பிரிவு: வசதி இருந்தா பிள்ளைங்க பெத்தவங்களைக் காப்பாத்தணும், பெத்தவங்க பிள்ளைகளைக் காப்பாத்தணும், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளையும் காப்பாத்தணும். பேரன் பேத்தி தாத்தா பாட்டிக்குக் குடுக்கணும்னு மட்டும் இல்லை. பாசத்துக்காகப் போட்ட சட்டம் இல்லை சாமி இது, வரிப்பணத்தை மிச்சம் பிடிக்கப் போட்டது. இந்த இடத்தை மனசுல வச்சுக்குங்க, கடைசியில வேணும்.

ரொம்ப காலம் இது பெரிசா உறுத்தலை. ஊருக்குள்ளேயே இருக்கற கிழவிக்கு வாரம் ரெண்டு ஷில்லிங்கோ கொஞ்சம் ரொட்டியோ போய்க்கிட்டிருந்தது. 1834ல சட்டத்தைத் திருத்தி 'வொர்க்ஹவுஸ்'னு ஏழைகள் விடுதிகளை நாடு முழுக்கக் கட்டினாங்க. உள்ளே போனா சீருடை, எடை போட்ட சாப்பாடு, ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம். நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணின கிழவனும் கிழவியும் வாசலோட பிரிஞ்சுடுவாங்க. இதைப் பார்த்து ஊரே கத்தினதுல, 1847ல 60 வயசு தாண்டின தம்பதியைக் கட்டாயமாப் பிரிக்கக்கூடாதுன்னு மாத்தினாங்க. அதுக்கான தனி அறைகள் பல விடுதிகள்ல இல்லவே இல்லை, அது வேற கதை.

1870களுக்கு அப்புறம் இன்னும் இறுக்கினாங்க. வீட்டுக்குக் குடுக்கற உதவியைக் குறைச்சு, "விடுதிக்கு வர்றியா, இல்ல உன் மகனைக் கேக்கட்டுமா"ன்னு ஆரம்பிச்சாங்க. பண்ணைக்கூலி வாரத்துக்குப் பதினஞ்சு ஷில்லிங் அக்கம்பக்கம். அதுல பொண்டாட்டி, அஞ்சாறு பிள்ளைங்க, வீட்டு வாடகை. அந்த மகனைக் கூப்பிட்டு "உங்கப்பனுக்கு வாரம் ஒரு ஷில்லிங் குடு"ன்னு உத்தரவு போட்டா என்ன ஆகும்? அவன் குடுப்பான், குடுக்கும்போதெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். அப்பன் என்ன பண்ணுவான்? நம்மால மகன் கோர்ட் வாசல்ல நிக்கணுமான்னு, உதவி கேக்கறதையே விட்டுட்டுப் பட்டினி கிடப்பான். கௌரவம் பார்க்கற பெருசுங்க எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான்.

இந்த நிலைமையை எண்ணிக்கையாக் காட்டினவர் சார்லஸ் பூத். லிவர்பூல்ல பிறந்த கப்பல் கம்பெனி முதலாளி. லண்டன்ல எந்தத் தெருவுல ஏழை, எந்தத் தெருவுல பணக்காரன்னு தெருத்தெருவா கலர் அடிச்சு வரைபடம் போட்ட மனுஷன். (ஹீட்மேப்னு நாம இன்னிக்குச் சீன் போடறதை கையால பண்ணியிருக்கார்.) 65 தாண்டினவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் ஒரு வருஷத்துல எப்பவாவது ஏழைகள் உதவிக்குக் கையேந்தறாங்கன்னு 1890கள்ல கணக்குக் காட்டினார். அது வரைக்கும் "குடிச்சு அழிச்சவன்தான் வயசான காலத்துல பிச்சை எடுப்பான்"னு பேசிக்கிட்டிருந்தாங்க. மூணுல ஒருத்தர்னா அது குடியால வந்த வறுமை இல்லை, வயசால வந்த வறுமை. வயசானவங்க எல்லாருக்கும் வாரம் அஞ்சு ஷில்லிங் குடுத்துடுங்கன்னு அவர் சொன்னார்.

இதுக்கு நடுவுல ஜெர்மனியில பிஸ்மார்க் 1889லயே முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்துட்டார். ஒரு சின்ன இடைச்செருகல்: ரிட்டயர்மென்ட் வயசு 65னு பிஸ்மார்க்தான் வச்சார்னு ஒரு ஃபார்வர்ட் மெயில் சுத்தும். அது தப்பு. அவர் வச்சது 70. அதை 65 ஆக்கினது 1916ல, அவர் செத்து 18 வருஷம் கழிச்சு. தவிர அது தொழிலாளியும் முதலாளியும் வாராவாரம் கட்டின பணத்துல ஓடற திட்டம், வாழ்நாள் முழுக்க வீட்டு வேலை மட்டும் செஞ்ச பொம்பளைக்கு அதுல இடமில்லை. நியூசிலாந்து 1898ல கட்டணமே இல்லாம அரசு பணத்துல குடுக்க ஆரம்பிச்சது, ஆனா ஆசியக்காரங்களுக்குக் கிடையாதுன்னு எழுதி வச்சது.

இங்கிலாந்துல சட்டம் 1908ல நிறைவேறிச்சு. ஆஸ்க்வித் ஆரம்பிச்சு வச்சார், லாயிட் ஜார்ஜ் முடிச்சு வச்சார். 70 வயசு ஆயிருக்கணும், வருஷ வருமானம் 21 பவுனுக்குள்ள இருந்தா வாரம் முழுசா அஞ்சு ஷில்லிங், அதுக்கு மேல போகப் போகக் குறைஞ்சு 31 பவுன் 10 ஷில்லிங் தாண்டினா ஒண்ணும் இல்லை. அன்னிக்கு நம்ம ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ். அந்தக் கணக்குல அஞ்சு ஷில்லிங்னா 3 ரூபாய் 12 அணா. ஜெயிலுக்குப் போனவனுக்குக் கிடையாது, வேலை செய்யாமத் திரிஞ்சவனுக்குக் கிடையாதுன்னு ஏகப்பட்ட நிபந்தனை. ஓசியில அனுபவிக்கிற சலுகையோட மதிப்பையும் வருமானத்துல சேர்க்கலாம்னு ஒரு கொக்கியும் வச்சிருந்தாங்க. ஆனா குடுத்த பணத்தை மகன் கிட்டேருந்து வசூல் பண்ணற வேலை இல்லை. பணம் வாங்கப் போற இடமும் ஏழைகள் ஆபீஸ் இல்லை, தபால் ஆபீஸ். எல்லாரும் ஸ்டாம்ப் வாங்கற அதே ஜன்னல்.

1909 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை, முதல் பட்டுவாடா. சுமார் அஞ்சு லட்சம் பேர், அதுல பொம்பளைங்கதான் அதிகம். ஃப்ளோரா தாம்ஸன்னு ஒரு எழுத்தாளர், சின்ன வயசுல கிராமத்துத் தபால் ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. அவங்க புத்தகத்துல, பணத்தை எண்ணிக் குடுத்த பொண்ணுக்கு அந்தக் கிழவங்க தங்கள் தோட்டத்துப் பூவும் ஆப்பிளும் கொண்டுவந்து குடுத்ததை எழுதியிருக்காங்க. குடுக்கறது அரசாங்கம், அந்தப் பொண்ணு சும்மா ஜன்னலுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கு. ஆனா ரொம்ப நாள் கழிச்சு கையில சொந்தக் காசு வந்தவனுக்கு யாருக்காவது எதையாவது குடுக்கணும் போலத்தானே இருக்கும்!

சட்டம் வரும்போது எதிர்த்தவங்க சொன்னது என்ன தெரியுமா? "அரசாங்கம் குடுத்தா பிள்ளைங்க கைகழுவிடுவாங்க, குடும்பப் பாசம் போயிடும்." நம்ம கேண்டீன் வசனத்தோட மூலப்பிரதி. ஆனா ஏழை மகனோட பக்கத்துலேருந்து பாருங்க. பதினஞ்சு ஷில்லிங் வீட்டுக்குள்ள அம்மா வர்றா. வெறுங்கையோட வந்தா இன்னொரு வாய். அஞ்சு ஷில்லிங்கோட வந்தா, வீட்டு வரும்படியில மூணுல ஒரு பங்கு கூடுது. அம்மாவை வீட்டுல வச்சுக்க ஆசை இருந்தும் முடியாம இருந்தவனுக்கு, பென்ஷன் ஒரு வழியைத் திறந்து விட்டிருக்கு. வீட்டுலயே தனியா இருக்க நினைச்ச கிழவிக்கும் அதே அஞ்சு ஷில்லிங்தான் வழி.

எங்க அப்பத்தா ராமநாதபுரம் பக்கம் சித்தப்பா வீட்டுல இருந்தது. எங்கப்பா மாசம் 300 ரூபாய் அப்பத்தா பேருக்கே மணியார்டர் அனுப்புவார். தபால்காரர் திண்ணையில உட்கார்ந்து ரேகை வாங்கிட்டு எண்ணிக் குடுப்பார். அந்தக் காசுல அது தனக்குன்னு வாங்கினது வெத்தலையும் போயிலையும்தான். மிச்சம் பேரப்பிள்ளைங்களுக்கு முறுக்கு, சித்திக்குக் கைமாத்து. கைமாத்து குடுக்கற மாமியார் கிட்ட எந்த மருமகளும் குரலை ஒசத்த மாட்டா. அப்புறம் ஏடிஎம் கார்டு காலம் வந்து பணம் சித்தப்பா கணக்குக்குப் போக ஆரம்பிச்சது. தொகை ரெண்டு மடங்காச்சு. சாப்பாட்டுக்கோ மருந்துக்கோ ஒரு குறையும் இல்லை, சித்தப்பா தங்கமான மனுஷன். ஆனா அப்பத்தா, "ஏப்பா, ஒரு பத்து ரூவா குடேன்"னு கேக்க ஆரம்பிச்சது. சுருக்குப்பை இடுப்புலயேதான் இருந்தது, உள்ளே சுண்ணாம்பு டப்பா மட்டும்.

சரி, அயர்லாந்துக்கு வருவோம், ஏன்னா இதுல சுவாரசியமான பகுதி அங்கேதான். அன்னிக்கு அயர்லாந்தும் பிரிட்டிஷ் ஆட்சிக்குள்ள, அதனால பென்ஷன் அங்கேயும் உண்டு. சிக்கல் என்னன்னா, அங்கே பிறப்பைப் பதிவு பண்ணறது 1864லதான் ஆரம்பிச்சது. 1909ல 70 ஆகணும்னா 1839க்கு முன்னாடி பிறந்திருக்கணும். யார் கிட்டயும் சான்றிதழ் இல்லை. வயசை விசாரிக்க அனுப்பினது யாரைன்னா, சாராய வரி பார்க்கற கலால் அதிகாரிகளை!

அயர்லாந்துக்காரங்களுக்கு ஒரு நல்ல காலம், 1839 ஜனவரி 6 ராத்திரி ஒரு பேய்க்காத்து அடிச்சு ஊரையே புரட்டிப் போட்டிருக்கு. 'பெருங்காத்து ராத்திரி'ன்னு பேர். அந்த ராத்திரி ஞாபகம் இருக்குன்னு சொன்னா 70 தாண்டியாச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான், அயர்லாந்து முழுக்க எல்லாருக்கும் அந்தக் காத்து ஞாபகம் வந்துடுச்சு :-) அரசாங்கம் எதிர்பார்த்ததை விட எக்கச்சக்கமான பேர் பென்ஷன் வாங்கினாங்க. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குத் தாள்கள் இப்போ இணையத்துலயே இருக்கு. பத்து வருஷ இடைவெளியில பதினஞ்சு வயசு கூடின கிழவிகளை நீங்களே தேடிப் பார்க்கலாம்.

பொய் சொல்ல மனசில்லாதவங்க டப்ளின்ல இருந்த 1841, 1851 மக்கள்தொகைக் கணக்குல தங்கள் பேரைத் தேடித்தரச் சொல்லி விண்ணப்பம் போட்டாங்க. அப்பா பேர், அம்மா பேர், ஊர், அப்போ வீட்டுல யார் யார் இருந்தாங்கன்னு எழுதணும். 1922ல உள்நாட்டுச் சண்டையில அந்த ஆவணக் காப்பகம் எரிஞ்சு, அந்த ரெண்டு கணக்கும் பெரும்பாலும் சாம்பலாச்சு. இன்னிக்குப் பல குடும்பங்கள் பத்தி மிஞ்சி இருக்கறது அந்தப் பென்ஷன் விண்ணப்பத் தாள்தான். வம்சாவளி தேடறவங்களுக்கு அது பொக்கிஷம். வாரம் அஞ்சு ஷில்லிங்குக்காக ஒரு கிழவி எழுதி வச்ச வீட்டு விவரம், பெரும் பஞ்சத்துல அழிஞ்சுபோன குடும்பத்தோட ஒரே சாட்சியா நிக்குது.

இதைப் படிச்சதும் எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. அப்பத்தாவோட வயசுக் கணக்கும் புயல்லதான் ஓடும். "தனுஷ்கோடி அழிஞ்சப்ப உங்க பெரியப்பன் கைப்பிள்ளை." அது 1964 டிசம்பர். "எம்.ஜி.ஆர். சுடுபட்ட வருஷம் உங்க அத்தை." அது 1967. ரேஷன் கார்டுல இருக்கற வயசுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இந்தியாவுக்கு வர்றதுக்கு முன்னாடி தென்னாப்பிரிக்காவுல ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போகலாம். 1860 நவம்பர்ல மெட்ராஸ்லேருந்து 'ட்ரூரோ' கப்பல்ல ஒப்பந்தக் கூலிங்களா டர்பன் போய் இறங்கினவங்கள்ல நம்ம ஆளுங்கதான் நிறைய. அங்கே 1928ல முதியோர் பென்ஷன் வந்தப்போ வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டும்தான். கரும்புக்காட்டுல முதுகொடிஞ்ச தமிழனுக்கும் ஆப்பிரிக்கனுக்கும் 1944 வரைக்கும் கிடையாது. அதுக்கப்புறமும் தோலோட நிறத்துக்குத் தகுந்த மாதிரிதான் தொகை. 1993ல தான் எல்லாருக்கும் ஒரே தொகைன்னு ஆச்சு. வெள்ளைக்காரனுக்குன்னு வச்ச தொகைக்கு எல்லாரும் வந்ததால, ஆப்பிரிக்கக் குடும்பங்கள்ல அது பெரிய பணம்.

பின்னாடி 2019ல நோபல் வாங்கின எஸ்தர் டுஃப்லோ, அந்த 1993 காலத்துத் தகவல்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. வீட்டுல பாட்டி பென்ஷன் வாங்கினா பேரப்பிள்ளைங்க, குறிப்பா பேத்திங்க, உயரமும் எடையும் நல்லா இருந்திருக்கு. தாத்தா வாங்கினா அந்த மாற்றம் இல்லை. அதே வீடு, அதே தொகை, எந்த மடியில விழுதுங்கறதுதான் வித்தியாசம். சித்தப்பா பிள்ளைங்க சாப்பிட்ட முறுக்குக்கு ஒரு பொருளாதாரக் கட்டுரை இருக்குன்னு தெரிஞ்சப்போ சிரிப்பு வந்தது. (தாத்தாக்கள் கோச்சுக்காதீங்க, நான் சொல்லலை.)

இப்போ நம்ம ஊர். உத்தரப் பிரதேசம் 1957லயே ஆரம்பிச்சுட்டது. சென்னை மாகாணத்துல 1962 ஏப்ரல்ல, காமராஜர் முதல்வரா இருந்தப்போ, மாசம் 20 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்தது. பிரிட்டன் கட்டிக்கிட்டு அழுத வொர்க்ஹவுஸ் எல்லாம் இல்லாம நேரா பணமே குடுத்தது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனா 'ஆதரவற்ற' முதியோர்ங்கற வார்த்தை கூடவே வந்தது. காப்பாத்த 20 வயசு தாண்டின மகனோ பேரனோ இருக்கக்கூடாதுங்கற நிபந்தனை ரொம்ப காலம் இருந்தது. 1601 பேரனை விட்டு வச்சது, நாம அவனையும் சேர்த்துக்கிட்டோம்.

இது நடைமுறையில எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கிராமத்துல அதிகாரி விசாரணைக்கு வர்றார். அன்னிக்குக் கர்ணம், 1980க்கு அப்புறம் வி.ஏ.ஓ. திண்ணையில நாலு பேர் நிக்க, "ஏம்மா, மகன் இருக்கானா? பார்த்துக்கறானா?" மகன் திருப்பூர்ல இருப்பான், ஒண்ணும் அனுப்ப மாட்டான், இல்ல அனுப்ப முடியாது. "என் மகன் எனக்குச் சோறு போடலை"ன்னு ஊர் முன்னாடி சொன்னாத்தான் காசு. எத்தனை தாய் சொல்லுவா? "பார்த்துக்கறான்யா"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிடுவா. சொன்னவளுக்கு அடுத்த தீபாவளிக்கு மகன் வர மாட்டான். ரெண்டுக்கும் நடுவுல பொய் சொல்லத் தெரிஞ்சவங்களும், பொய்க்குக் கையெழுத்து வாங்கத் தெரிஞ்சவங்களும் பென்ஷன் வாங்குவாங்க.

கோர்ட் பக்கம் போனா அங்கேயும் இதே கதைதான். 1956 இந்து தத்தெடுப்பு ஜீவனாம்சச் சட்டத்துல மகன், மகள் ரெண்டு பேருக்கும் கடமை. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125வது பிரிவுல பெத்தவங்களைச் சேர்த்தாங்க. கல்யாணமான மகளும் அதுல பொறுப்புன்னு 1987ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2007ல தனிச் சட்டமே வந்து, தீர்ப்பாயம், மாசம் 10,000 ரூபாய் உச்சவரம்பு, பார்த்துக்கறேன்னு சொல்லி எழுதி வாங்கின சொத்தைத் திருப்பி வாங்கற வழின்னு நிறைய பண்ணினாங்க. அந்தச் சொத்துப் பிரிவு அவசியமானதுதான், வீட்டை எழுதி வாங்கிட்டு வாசல்ல விடற பிள்ளைங்க கிட்ட பாசம் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஆனா மாசச் செலவுக்காக மகன் மேல கேஸ் போடற அப்பன், 1890ல மாஜிஸ்திரேட் வாசல்ல கூனிக் குறுகி நின்ன அதே அப்பன்தான்.

மத்திய அரசோட தேசிய முதியோர் பென்ஷன் 1995 ஆகஸ்ட் 15ல 75 ரூபாயோட ஆரம்பிச்சது. 2006ல 200 ஆச்சு. 80 தாண்டினவங்களுக்கு 2011ல 500 ஆக்கினாங்க, வயசு வரம்பையும் 65லேருந்து 60க்கு இறக்கினாங்க. 60லேருந்து 79 வரைக்கும் இருக்கறவங்களுக்கு 2024லயும் அதே 200தான். தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து 2011ல மொத்தம் 1000, 2023ல 1200 ஆக்கிச்சு.

சும்மா இருக்க முடியாம ஒரு கணக்குப் போட்டேன். 1909ல அஞ்சு ஷில்லிங்ங்கறது பண்ணைக்கூலியோட வார வருமானத்துல மூணுல ஒரு பங்கு. இங்கே 2024-25ல நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். மாசம் 26 நாள்னு வச்சா 8,294. அதுல மூணுல ஒரு பங்கு 2,764 ரூபாய் சொச்சம். நாம குடுக்கறது அதுல பாதி கூட இல்லை, டெல்லியோட பங்கு மட்டும் பார்த்தா பதினாலுல ஒரு பாகம் தேறும்.

இந்தக் கணக்கைக் கேண்டீன்ல சொன்னேன். "அதெல்லாம் சரி மச்சி, குடுத்தா பிள்ளைங்க கைகழுவிடுவாங்களே"ன்னான் ஒருத்தன். 1908க்குப் பக்கத்துல டிக் போட்டுட்டு, ரசத்துக்கு வந்தேன்.

உங்க ஊர்ப் பெருசுங்க வயசுக் கணக்கு எந்தப் புயல், எந்த வெள்ளத்துலேருந்து ஓடுதுன்னு சொல்லுங்க மக்களே. தஞ்சாவூர், கடலூர் பக்கம் வேற புயல் இருக்கும்னு நினைக்கிறேன்.